சைட் கண்ட்ரோலிலிருந்து மவுண்டுக்குப் போகும்போது என் கால் ஏன் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறது?

ஜியு-ஜிட்சு போன்ற தரைப் பிடிச்சண்டையில் எதிராளியை மல்லாக்கக் கிடத்திப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்க (அதுதான் சைட் கண்ட்ரோல்) முடிகிறது என்றும், அவர் மேல் ஏறி இருபுறமும் கால் போட்டு உட்காரும் மவுண்டுக்குப் போகக் காலைத் தூக்கிப் போட்டால் அது அவருடைய தொடைகளுக்கு நடுவே மாட்டி, அவர் உங்கள் ஒரு காலைக் கவ்வியிருக்கும் ஹாஃப் கார்டில் முடிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிடிப்பதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்வேன்: கால் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மார்பு கிளம்பியிருக்கும்.

எனக்கு இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். நாங்கள் ஆறேழு பேர் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் பாய் விரித்துப் பழகுகிறோம். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், வழவழவென்று இருக்கும். பாய்களை ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் உருண்டு பிரளும்போது ஆளுக்கொரு மூலைக்கு ஓடிவிடும். நான் 58 கிலோ. அவர் 80 இருப்பார். ஏறத்தாழ ஓராண்டு அவர் மேல் ஏறமுடியாமல் தவித்தேன். ஒருநாள் பாதியில் நிறுத்தி, "தம்பி, உங்கள் கால் வருவதற்கு முன்னாலேயே உங்கள் எடை போய்விடுகிறது. அது போனதும் நான் முழங்காலை மடக்கிவிடுகிறேன், அவ்வளவுதான்" என்றார்.

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். திமிலில் மார்பை ஒட்டி அணைத்தவர் காளை துள்ளும்போது அதனுடனேயே போகிறார். மார்புக்கும் திமிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தால் அடுத்த துள்ளலில் மண்ணில் கிடப்பார். மல்லாந்து கிடக்கும் ஆளும் அப்படித்தான் நம்மை உதறுகிறார்.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் எதிராளியின் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடக்கை அவர் கழுத்துக்கு அடியில் போகிறது. இடத்தோள் அவர் தாடையில் அழுந்தி முகத்தை உங்களைவிட்டு மறுபக்கம் திருப்புகிறது. முகம் அங்கே திரும்பியிருக்கும்வரை உடம்பை உங்களை நோக்கித் திருப்புவது அவருக்கு மிகக் கடினம். வலக்கை அவருடைய இட அக்குளுக்கு அடியில் நுழைந்து, விரல்களாலேயே பாயில் நடந்து நடந்து மேலே ஏறவேண்டும். அவருடைய இட முழங்கை விலாவை விட்டுக் காதுப் பக்கம் போகும்வரை ஏறுங்கள். நான் அவசரப்பட்டது இந்த இடத்தில்தான், பெரும்பாலானவர்களும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முழங்கையும் முழங்காலும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கும்வரை கீழே இருப்பவரின் வீடு பூட்டியே இருக்கிறது. அவை இரண்டையும் பிரித்துவிட்டால் வயிற்றின் குறுக்கே வழி தானாகத் திறக்கும்.

வழி திறந்தபின் காலைத் தூக்காதீர்கள், சறுக்குங்கள். அவர் இடுப்பருகே இருக்கும் உங்கள் வல முழங்காலை, இடுப்புப் பட்டை கட்டும் இடத்தில் வைத்து, வயிற்றின் மேல் தேய்த்துக்கொண்டே மறுபக்கப் பாயைத் தொடவிடுங்கள். குதிகால் உங்கள் பிட்டத்தோடு ஒட்டியிருக்கட்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பின்னால் இழுபடும் கணுக்கால்தான். அது வால்போல் நீண்டு கிடந்தால் அவர் கால்கள் அதைக் கவ்விக்கொள்ளும்.

கீழே இருப்பவர் அனுபவசாலியாக இருந்தால் தன் வலக்காலை இடத்தொடைமேல் போட்டு வேலிபோல் மறிப்பார். அப்போது அக்குளை விட்டு வலக்கையை எடுத்து, மடங்கியிருக்கும் முழங்காலை அந்தப் பக்கப் பாயை நோக்கித் தள்ளுங்கள். கையை எடுக்கும் அந்த நேரத்தில் தோள் அழுத்தம் இரண்டு மடங்காக இருக்கவேண்டும். அவர் இடுப்பு முறுகியவுடன் முழங்கால் புகும்.

ஓர் எச்சரிக்கை. முதல் ஆண்டில் ஒரு புதியவரின் விலாவில் முழங்காலை இடித்துவிட்டேன். மூன்று வாரம் அவரால் சிரிக்கக்கூட முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. முழங்கால் வயிற்றின் மென்மையான பகுதியைக் கடக்கவேண்டும்; எலும்பின் மேல் விழக்கூடாது. தாடையில் அழுத்துவதும் அப்படியே, புதியவரிடம் பாதி பலம் போதும்.

வயிற்றில் முழங்காலை ஊன்றி நின்று அங்கிருந்து மவுண்டுக்கு இறங்கும் வழியும் உண்டு. சர்வதேசப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி அந்த நிலைக்கு 2 புள்ளி, மவுண்டுக்கு 4. ஒவ்வொன்றிலும் 3 விநாடி நிலைத்திருக்கவேண்டும். சைட் கண்ட்ரோலுக்கென்று தனிப்புள்ளி கிடையாது, கீழே இருப்பவர் கால்களால் மறிக்கும் கார்டைக் கடந்து அங்கே வந்ததற்குத்தான் 3. அதனால் போட்டிக்காரர்களுக்கு இந்த வழி பிடிக்கும். கத்திரி வெயிலில் மேலங்கி இல்லாமல் பழகும்போது வேர்வையில் முழங்கால் வழுக்கிவிடுகிறது, ஆகவே நான் அதிகம் போவதில்லை. நீங்கள் ஜூடோக்காரராக இருந்தால் இந்தக் கேள்வியே வேறுவிதம்: பக்கவாட்டுப் பிடியிலேயே 20 விநாடி வைத்திருந்தால் இப்பான், ஆட்டம் முடிந்தது. கிடைத்த பிடியை அங்கே விடாதீர்கள்.

மேலே ஏறிய முதல் நொடியில் அவர் இடுப்பை வில்லாக வளைத்து எகிறுவார், உறுதி. இரண்டு கைகளையும் அகல விரித்துப் பாயில் ஊன்றுங்கள், தலையைத் தாழ்த்துங்கள், அந்த அலை அடங்கட்டும். பிறகு முழங்கால்களை அக்குள்வரை நகர்த்தலாம்.

பழக எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. கீழே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், எதிர்க்கமாட்டார். மேலிருப்பவர் முடிந்தவரை மெதுவாகக் கடப்பார். தன் மார்பின் மேலிருந்த எடை குறைந்ததாக உணரும் நொடியில் கீழே இருப்பவர் "இப்போது" என்று சொல்லவேண்டும். முதல் நாள் நான் பத்து முறை கடந்தேன், அண்ணன் பத்து முறையும் சொன்னார். நேற்று மூன்று முறை சொன்னார். மூன்றும் அக்குளிலிருந்து கையை எடுத்த இடத்தில்.