நடைபாதைவாசிகளை மண்டபத்தில் தங்க வைத்தால் தொற்று பரவாதா?

சென்னை வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை நடைபாதைகளில் தூங்குபவர்களைப் பெருந்தொற்று நேரத்தில் ஒரே மண்டபத்தில் தங்க வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஜன்னல் சாத்திய மண்டபம் நடைபாதையைவிட ஆபத்து.

எதிரெதிர் ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து ராத்திரியில் சாத்திவிடுவார்கள். கோட்டை விடுவது அங்கேதான். முதல் வேலையாக வலை அடியுங்கள். பாய்களுக்கு நடுவே ஆறடி. இடமில்லாவிட்டால் மூன்றடியாவது விட்டு, ஒருவர் தலைமாட்டுக்கு நேரே அடுத்தவர் கால் வரும்படி விரியுங்கள். இருமல், காய்ச்சல் உள்ளவருக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை.

கதவுப்பிடி, குழாய் துடைக்க 10 லிட்டர் தண்ணீருக்கு 30 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 33 கிராம். அன்றன்றைக்குக் கலக்குங்கள். வாய் திறந்து கிடந்த பை கடற்காற்றின் ஈரத்தில் வீரியம் இழந்திருக்கும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஆட்கள்மீது தெளிக்கவே கூடாது (அந்தக் கூத்தும் நடந்தது).

பலர் வர மறுப்பது மீன்பாடி வண்டியையும் துணிமூட்டையையும் விட்டு வர மனமில்லாமல்தான். அதற்குப் பூட்டு போட்ட இடம் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்தது.

ஆதார் இல்லாதவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போட மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே மாதமே வழிமுறை தந்தது. கொரோனா நெகட்டிவ் வந்தும் இருமல் இரண்டு வாரம் தாண்டினால், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எடுங்கள்.