விழுமமும் விழுமியமும்

கேள்வி: ‘விழுமியங்கள் அழிந்துவருகின்றன’ என்று மேடைதோறும் பேசுகிறார்கள். ‘விழுமம்’ என்பதே சரி, ‘விழுமியம்’ பிழை என்கிறார் எங்கள் தமிழாசிரியர். விலை உயர்ந்த பொருள்களையும் விழுமியங்கள் எனலாமா?

பதில்: உங்கள் ஆசிரியரின் ஐயத்துக்குக் காரணம் உண்டு. பழைய நூல்களில் பெயர்ச்சொல்லாக நிற்பது ‘விழுமம்’. ‘விழுமிய’ என்பது அடைமொழி. அதையே ‘விழுமியம்’ என்று பெயராக்கிப் பரவலாகப் புழங்கவிட்டது நம் காலம். ஆயினும் அதைப் பிழையென்று தள்ள எனக்கு மனமில்லை. ஏனெனில் ‘விழுமம்’ ஒன்றுக்கொன்று மாறான பொருள்களைச் சுமந்து நிற்கும் சொல். தொல்காப்பிய உரியியலே அதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை (துன்பம்) என்று பொருள் சொல்கிறது. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ (குறள் 107) என்னுமிடத்தில் துடைக்கப்படுவது துன்பம். ‘நம் விழுமங்களைக் காப்போம்’ என்று எழுதினால், காக்கச் சொல்வது சிறப்பையா, துன்பத்தையா என்று பழந்தமிழ் பயின்றவர் ஒரு கணம் தயங்குவார். ‘விழுமியம்’ என்றால் அந்தத் தயக்கம் எழாது.

இந்தச் சொற்களின் முன்னிற்கும் ‘விழு’ சிறப்பைக் குறிப்பது; கீழே விழுவதோடு இதற்கு உறவில்லை. இதை அறியாமல், தடுக்கி விழுந்து பட்ட காயத்தை ‘விழுப்புண்’ என்று எழுதுவோரைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. போரில் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணே விழுப்புண். அது படாத நாளையெல்லாம் வீணே கழிந்த நாளாக வீரன் எண்ணுவான் என்கிறது குறள் 776.

விலை உயர்ந்த பொருள்களை விழுமியங்கள் என்பது பொருந்தாது. அவற்றுக்கு ‘அரும்பொருள்’, ‘விலைமதிப்புள்ள பொருள்’ என்ற சொற்கள் இருக்கின்றன. பழந்தமிழில் ‘விழு’ என்ற அடை பொருளுக்கும் செல்வத்துக்கும் முன் வருவது உண்மைதான். ஆனால் கல்வியைக் ‘கேடில் விழுச்செல்வம்’ என்ற வள்ளுவர், அதே குறளில் (400) மற்றவை ‘மாடல்ல’ என்று ஒதுக்கிவிடுகிறார் (அங்கே மாடு என்பது செல்வம்). இன்றைய ‘விழுமியம்’ வாழ்க்கையை வழிநடத்தும் நெறிகளுக்கென்றே அமைந்துவிட்ட சொல். அதை நகைக்கும் சிலைக்கும் பகிர்ந்து கொடுத்தால் நெறிக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

எனக்குள்ள குறை வேறு. மேடையில் விழுமியங்கள் அழிவதாக வருந்துகிறவர், அழிவது வாக்குத் தவறாமையா, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையா, எளியோரை மதித்தலா என்று பெயர் சொல்வதில்லை. அடுத்த முறை கேட்டுப்பாருங்கள்.