கத்திரிக்காயா, கத்திரிக்கோலா?

கேள்வி: அக்கா, எங்க மாமியாருக்கு 68 வயசு. "தட்டு எடுங்க அத்தை"ன்னா "பட்டா?"ன்னு பட்டுப்புடவை இருக்கற பீரோ பக்கம் போறாங்க. ஆனா "முருங்கைக்கா"ன்னு அடுப்படியில இருந்து சொன்னாகூட கரெக்டா புரிஞ்சுக்கறாங்க. வேணும்னே பண்றாங்கன்னு வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ண, அவங்க முகம் சுருங்கிப்போகுது. ஏன் இப்படி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல அந்த கிண்டலை நிறுத்த சொல்லும்மா, அவங்க வேணும்னு பண்ணல.

ஒருத்தர் வார்த்தையை சொல்லி முடிச்ச அப்புறம்தான் நம்ம மூளை அது என்னன்னு தேடும்னு நினைச்சிட்டிருக்கோம், அப்படி இல்லவே இல்ல. "கத்..."னு காதுல விழுந்ததுமே கத்தி, கத்திரி வெயில், கத்திரிக்கா, கத்திரிக்கோல்னு அத்தனையும் எந்திரிச்சு நிக்கும், அடுத்த சத்தம் வர வர ஒவ்வொண்ணா உக்காரும், "கத்திரிக்கோ" வரைக்கும் வந்தாத்தான் கத்திரிக்கா விலகும். இதை வில்லியம் மார்ஸ்லன்-வில்சன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்லயே விளக்கிட்டார்.

இத கண்ணால பாக்கவும் வழி இருக்கு. 1998ல அமெரிக்காவுல ரோசெஸ்டர் யுனிவர்சிட்டில அல்லோபென்னா, மேக்னசன், டானென்ஹாஸ்னு மூணு பேர் சேர்ந்து, ஸ்கிரீன்ல பீக்கர்ங்கிற கண்ணாடிக் குவளை, பீட்டில்ங்கிற வண்டு, ஸ்பீக்கர், கேரியேஜ்னு ஒரு தள்ளுவண்டி, நாலு படத்தை வச்சு "பீக்கரை எடுங்க"ன்னு சொல்லி, கேக்கறவங்க கண்ணு எங்க போகுதுன்னு கேமரால அளந்தாங்க. "பீ"ன்னு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துக்கு பீக்கருக்கும் வண்டுக்கும் ஒரே அளவுக்கு கண்ணு போச்சு. எனக்கு ரொம்ப முக்கியமா படறது அடுத்த விஷயம்தான். ஆரம்பமே வேறயா இருக்கற ஸ்பீக்கரையும் கொஞ்சம் லேட்டா, கொஞ்சம் கம்மியா பாத்தாங்க, சம்பந்தமே இல்லாத தள்ளுவண்டியை விட அதிகமாத்தான் பாத்தாங்க. உன் தட்டும் பட்டும் இந்த ஸ்பீக்கர் கதைதான். நல்லா காது கேக்கறவங்களுக்கு முதல் "த" தெளிவா விழறதால பட்டு சீக்கிரமே தோத்துடும். வயசாக ஆக கீச்சுன்னு இருக்கற சத்தங்கள்தான் முதல்ல மங்கும், அதனால மெய்யெழுத்துங்க அடிபடும். அப்போ மிச்சம் வர்றது "-ட்டு" மட்டும், தட்டு, பட்டு, கட்டு, நட்டு எல்லாமே போட்டிக்கு வந்துடும், அதுல அவங்க வாழ்க்கையில அதிகமா புழங்கின வார்த்தை முந்திக்கும். முருங்கைக்காக்கு அப்படி ஒரே மாதிரி கேக்கற பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் இல்ல, அதான் தப்பிச்சுது.

கத்தி பேசாதே, கத்துனா "அ", "ஆ"தான் பெரிசாகும், மெய்யெழுத்து தெளிவாகாது. "அத்தை"ன்னு கூப்பிட்டு, உன் முகத்தை பாக்க வச்சு, "சோறு போடணும், தட்டு எடுங்க"ன்னு சொல்லிப்பாரு. சோறுன்னு வந்ததுமே பட்டுக்கு வேலை இல்ல. அப்படியே ஒரு தடவை காது டெஸ்ட்டும் எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: தமிழ் கேக்கும்போது இங்கிலீஷ் வார்த்தையும் குறுக்க வருமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: வரும் தம்பி. 1999ல கார்னெல் யுனிவர்சிட்டில ஸ்பைவி, மரியன்னு ரெண்டு பேர் ரஷ்யனும் இங்கிலீஷும் தெரிஞ்சவங்க கிட்ட ரஷ்யன்லயே ஸ்டாம்பை எடுக்க சொன்னாங்க. ரஷ்யன்ல அந்த இடத்துல ஸ்டாம்புக்கு "மார்க்கு"ன்னு வரும், பக்கத்துல இருந்த மார்க்கர் பேனாவுக்கும் அவங்க கண்ணு போச்சு. இத்தனைக்கும் அப்போ சொன்னது ரஷ்யன்லதான். நம்ம வீட்டு வாண்டு கிட்ட "பால் எங்கடா?"ன்னு கேட்டா, டம்ளரை விட்டுட்டு கட்டிலுக்கு அடியில பந்தை தேடறானே, அதுவும் இதேதான்.