வீட்டு கேட்டுல இருந்து மெயின் ரோட்டுக்கு கார் எடுக்கும்போது வர்ற வண்டி தெரியல, எதிர்ல ரவுண்டு கண்ணாடி மாட்டினா போதுமா?

போதாதுங்க. மாட்டி, அதை நம்பி, பம்பரைப் பறிகொடுத்தவ சொல்றேன்.

ஊர் பேரு போடல நீங்க, "மலை ரோடு, வளைவு பக்கத்துல கேட்"னு மட்டும் போட்டிருக்கீங்க. எங்க வீடும் அப்படித்தான். கட்டபெட்டு தாண்டி கோத்தகிரி போற வழியில, ரோட்டுக்குக் கீழ வீடு. கீழ வீடு இருக்கறவங்களுக்குத்தான் இந்த அவஸ்தை தெரியும், ஃபர்ஸ்ட் கியர்ல ஹாஃப் கிளட்ச் புடிச்சு ஏறும்போது கார் மூக்கைத் தூக்கிக்கும், முன்னாடி தெரியறது வானமும் கரண்ட் கம்பியும்தான். போதாததுக்கு கேட்டுக்கு ரெண்டு பக்கமும் எங்க அத்தை, அதாவது மாமியார், வெச்ச ஹைட்ரேஞ்சியா. ஆள் உயரம், முப்பது வருஷத்து செடி. அதுல யாரு கை வைக்கறது?

அதனால குன்னூர்ல போய் ரவுண்டு கண்ணாடி வாங்கி, எதிர்ப்பக்கம் பைப் நட்டு மாட்டினோம். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மார்கழி காலையில பையனை ஸ்கூல்ல விடக் கிளம்பறேன், கண்ணாடி பூரா பனித்தண்ணி, அதுல எங்கயோ தூரத்துல சின்னதா ஒரு வெள்ளை வண்டி. நேரம் இருக்குன்னு மூக்கை நீட்டிட்டேன். அது தூரத்துல இல்லைங்க. அந்த மாதிரி குவிஞ்ச கண்ணாடியில எல்லாமே சின்னதா, தள்ளி இருக்கற மாதிரிதான் தெரியும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏத்திட்டு இறக்கத்துல வந்த பிக்கப், பிரேக் போட்டும் நிக்காம என் பம்பரையும் ஒரு ஹெட்லைட்டையும் கொண்டு போயிடுச்சு. மூட்டை ஒண்ணு அவுந்து ரோடெல்லாம் கேரட். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்ல. அந்தத் தம்பி இறங்கி வந்து திட்டக்கூட இல்ல, "அக்கா, ஹார்ன் அடிச்சுட்டுத்தானே வந்தேன்"னான். குளிருக்கு நான் நாலு கண்ணாடியும் ஏத்தி வெச்சிருந்தேன், எங்க கேக்கும்?

"பொம்பள டிரைவிங்"னு கமெண்ட் போடக் கை துறுதுறுங்கறவங்களுக்கு: பதினோரு வருஷமா இந்த மலையில ஓட்டறேன், கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவையும் இறங்கியிருக்கேன். தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். கேட்டுல இருந்து வர்றவங்கதான் ரோட்டுல போறவனுக்கு வழி விடணும்.

அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் உக்காந்து கணக்குப் போட்டார், முதல்லயே போட்டிருக்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் வந்துடும். நம்ம நாட்டு ரோடு கணக்குப்படி அந்த வேகத்துல ஒருத்தன் பாத்து, புரிஞ்சு, பிரேக் புடிச்சு நிக்க 45 மீட்டர் வேணும், இறக்கம்னா இன்னும் கூட. எங்களுக்கு வலது பக்கம் தெரிஞ்சது பதினஞ்சு மீட்டர் இருந்தா அதிகம். இன்னொண்ணு, நம்ம கண்ணு காரோட மூக்குல இல்ல, ஆறு அடி பின்னாடி இருக்கு. செடியைத் தாண்டி நமக்கு ரோடு தெரியறதுக்குள்ள பானட் முழுசா ரோட்டுல இருக்கும். ரிவர்ஸ்ல எடுத்தா இன்னும் மோசம், அதனால ராத்திரியே ரிவர்ஸ் போட்டு உள்ள விட்டுடுங்க, காலையில நேரா வெளிய வரலாம்.

நாங்க செஞ்சது ரெண்டு வேலை. கொத்தனாரை வெச்சு, ரோட்டைத் தொடற இடத்துல நம்ம எல்லைக்குள்ளயே ஒரு கார் நீளத்துக்கு சமமா கான்கிரீட் போட்டோம், இப்ப கார் மட்டமா நின்னு பாக்குது. சரிவு கொஞ்சம் செங்குத்தா ஆயிடுச்சு, பரவால்ல. அடுத்தது செடி. காரோட சீட்டுல உக்காந்தா கண்ணு நாலு அடி உயரம்கூட வராது, அதனால இடுப்புக்குக் கீழ வெட்டணும். அளந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, அந்தச் செடியே எங்க காம்பவுண்டுக்கு வெளிய, ஹைவேஸ் இடத்துல இருக்கு. அத்தைகிட்ட சொன்னேன், ஒரு வாரம் பேசல. (மரத்தை வெட்டறதா யாரும் கிளம்பிடாதீங்க, இது பூச்செடி. கேட்டோரம் சில்வர் ஓக் ஒண்ணு அப்படியேதான் நிக்குது, நம்ம மலையில மரம்னா 1955 சட்டப்படி பர்மிஷன் வாங்கணும், அதுக்கு நான் நடந்த கதை தனி.) ரவுண்டு கண்ணாடியைக் கழட்டல. ஆனா அதுல ஏதாவது தெரிஞ்சா "வருது"ன்னு எடுத்துக்கறேன், ஒண்ணும் தெரியலன்னா "வரல"ன்னு எடுத்துக்கறதில்ல. பனியா இருந்தா கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிட்டு, லோ பீம் போட்டு, நின்னு காது குடுத்துட்டுத்தான் எடுக்கறேன்.

இதோட முடிஞ்சிருக்கணும். செடியை வெட்டினதும் கீழ இருக்கற டீ எஸ்டேட் பூரா ரோட்டுல இருந்தே தெரிய ஆரம்பிச்சுடுச்சு, எங்க வீட்டு வாசல் வியூ பாயிண்ட் ஆயிடுச்சு! 2024 மே மாசம் மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, அப்புறம் போன வருஷம், அதாவது 2025 ஏப்ரல்ல, நீலகிரிக்கு வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு கோர்ட்டே கணக்கு வெச்சுது. அந்த எட்டாயிரத்துல நாலாவது எங்க கேட்டுக்கு வலது பக்கமாத்தான் நிக்குது செல்ஃபி எடுக்க, நான் எதுக்கு வெட்டினேனோ அதே இடத்துல. சொன்னா "ரெண்டே நிமிஷம் மேடம்"ங்கறாங்க.

அத்தை இப்ப லீவு நாள்ல கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்து விரட்டறாங்க. ஒவ்வொரு வண்டி போனதும் என் பக்கம் திரும்பி, "செடி இருந்தா இவனுங்க நின்னிருப்பானுங்களா?"ன்னு ஒரு கேள்வி.