ஜெபத்தில் தூங்கிவிடுகிறேனே!

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரைக் கவனித்துக்கொண்டு, தையல் வேலையும் செய்கிறேன். இரவில் ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: இல்லைம்மா. 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வாசியுங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டான். தேவதூதன் கண்டிக்கவே இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொன்னான். எலியா மறுபடி தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியதெல்லாம் அப்புறம்தான்! என் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் என்னைத் தாங்கிய அதிகாரம் இது.

‘பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்’ என்று மத்தேயு 11:28-இல் இயேசு அழைப்பது உங்களைத்தான். களைப்போடேயே வாருங்கள். இரவு ஜெபத்துக்கு இப்போது ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்’ என்கிற சங்கீதம் 4:8 ஒன்றே போதும், படுத்தபடியே சொல்லுங்கள்.

இன்னொன்று. சபையில் நம்பிக்கையான ஒரு பெண்ணிடம், வாரத்தில் ஒரு மதியம் உங்கள் கணவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று கலாத்தியர் 6:2 சொல்கிறதே, கூச்சப்படாதீர்கள். அந்த நேரம் தையல் மெஷின் பக்கம் போகாமல் படுத்துத் தூங்குங்கள்.