பட்டறைப் பதில்கள்: மூலையில் கொசுவம் வைக்கும் தகடு

கேள்வி: ஐயா, அப்பாவின் மோரிஸ் மைனர் காரில் பூட் (பின்பக்கச் சாமான் அறை) தளம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதுத் துண்டு செய்ய ஒரு ஹேமர்ஃபார்ம் (தகட்டை மேலே வைத்து அடித்து வடிவம் கொடுக்கும் மரக்கட்டை) செதுக்கி, 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அதன்மேல் வைத்து ஓரத்தை அடித்து மடித்தேன். நேர்ப்பக்கம் நன்றாக வந்தது. வட்ட மூலையில் சுருக்கம் விழுந்துவிட்டது, உள்வளைவு கிழிந்துவிட்டது. எங்கே தவறு?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, ஹேமர்ஃபார்முக்குத் தமிழில் 'தட்டச்சு' என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆசிரியர் பக்கத்தில் டைப்ரைட்டர் படம் போட்டுவிடுவார். செந்தூலில் என் பட்டறையில் அதற்குப் பெயர் வெறும் 'கட்டை'தான்.

வட்ட மூலை போன்ற வெளிவளைவில் மடிக்கும்போது, பெரிய வட்டத்தில் இருக்கும் விளிம்பு சின்ன வட்டத்துக்குள் அடங்க வேண்டும். மிஞ்சுகிற இரும்பு எங்கே போகும்? புடவைக் கொசுவம்போல் எழும். உள்வளைவில் நேர்மாறு. அங்கே விளிம்பு நீள வேண்டும். நீள முடியாவிட்டால் கிழியும்.

நீங்கள் மூலையில் நின்று ஒரே இடத்தில் அடித்து, நேராகத் தொண்ணூறு டிகிரிக்கு இறக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்யக்கூடாது. முதல் சுற்றில் ஓரம் முழுவதும் பதினைந்து, இருபது டிகிரி மட்டும் சாயட்டும். அப்புறம் அடுத்த சுற்று. கொசுவம் சின்னதாக எழும்போதே அதன்மேல் அடித்து, இரும்பை அதற்குள்ளேயே அடங்க வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று மடிந்து படுத்துவிட்டால் அந்தத் துண்டு போச்சு, புதுத் தகடு வெட்டுங்கள். மூலை அடம்பிடித்தால் தகட்டைக் கழற்றி, அந்த மூலையை கேஸ் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் இளகிக் கொடுக்கும். கட்டைமேல் வைத்தே சூடாக்கினால் மரம் கருகும்.

கிழிசலுக்குப் பாதிக் காரணம் கத்தரித்த விளிம்பின் பிசிறு. வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அரத்தால் வழவழப்பாக்கிவிட்டு அடியுங்கள். உள்வளைவில் மடிப்பின் அகலத்தையும் குறையுங்கள். மடிப்பு அகலமாக இருந்தால் விளிம்பு இன்னும் அதிகமாக நீள வேண்டியிருக்கும்.

தகட்டின்மேல் கனமான இரும்புப் பட்டை ஒன்றை அதே வடிவில் வெட்டி வைத்து, இரண்டு போல்ட்டால் கட்டையோடு இறுக்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) மட்டும் போதாது, அடிக்க அடிக்கத் தகடு நழுவும், நடுப்பகுதி பொங்கும். கட்டைக்கு எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) ஒன்றிரண்டு துண்டுக்குத் தாங்கும். மெராந்தி மரம் மென்மை, முனை சீக்கிரம் நசுங்கும். கெம்பாஸ் என்ற கடின மரம் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: மடிப்பு தொண்ணூறில் நிற்காமல் கொஞ்சம் விரிகிறதே?
- அதே வாசகர்

பதில்: தகடு எகிறும், அது அதன் குணம். கட்டையின் பக்கத்தை இரண்டு மூன்று டிகிரி உள்ளே சாய்த்துச் செதுக்குங்கள். அளவுக்கு மேல் மடிந்து, திரும்பி வந்து சரியாக நிற்கும். இடது வலது இரண்டு துண்டும் வேண்டுமானால் இரண்டு கட்டை செய்யுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் அதே கட்டையைக் கவிழ்த்துப் போட்டேன். சாய்வு தலைகீழாகிவிட்டது. வலது பக்கத் துண்டு மரவள்ளிக் கிழங்கு காயவைக்கும் தட்டுபோல விரிந்து நின்றது. வீட்டில் அதற்கே பயன்பட்டது.