"எந்த சுத்தத்தில்?"

கேள்வி: வீட்டில் சொல்லிக்கொடுத்த வழிபாட்டைத் தாண்டி, மற்ற மதங்களையும் தெரிந்துகொள்ள ஆசை. ஆர்வத்தில் ஒரு சொற்பொழிவு வீடியோ பார்த்தேன். இரண்டே வாரத்தில் யூடியூப் முழுக்க சாபம், பரிகாரம், உலக அழிவு! ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இணையத்தில் எதை நம்பிப் படிப்பது?

பதில்: பயமுறுத்தும் தலைப்பில் நாம் நின்றுவிடுகிறோம், யூடியூப் அதையே மேலும் மேலும் நீட்டுகிறது. கொஞ்ச நாளைக்குப் பேசுகிறவர்களை விட்டுவிட்டு மூலநூல்களுக்கே போய்விடுங்களேன்.

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். 'நீ எதை நினைக்கிறாயோ அதுவாகவே ஆகிறாய் – புத்தர்' என்ற படத்தை நண்பருக்கு அனுப்பினேன். "எந்த சுத்தத்தில்?" என்று பதில் வந்தது. சுத்தம் என்றால் பாலி மொழியில் புத்தரின் உரை. தேடினேன். கிட்டத்தட்ட ஒத்துவருவது, புத்தரின் போதனைப் பாடல்களின் தொகுப்பான தம்மபதத்தின் முதல் பாடல்தான். அது சொல்வதோ வேறு: எல்லாவற்றுக்கும் முன்னே செல்வது மனம், கெட்ட மனத்தோடு பேசினாலும் செய்தாலும், வண்டி இழுக்கும் மாட்டின் காலடியைச் சக்கரம் தொடர்வதுபோலத் துன்பம் பின்தொடரும். நினைத்ததெல்லாம் கைகூடும் என்ற உறுதிமொழி அதில் இல்லை, எச்சரிக்கைதான் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த மேற்கோளைப் பார்த்தாலும் எண்ணைத் தேடுகிறேன். தம்மபதத்தில் 423 பாடல்கள், குர்ஆனில் 114 அத்தியாயங்கள், கீதையில் 18. எண் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். எண்ணே சொல்லாமல் 'வேதத்தில் இருக்கிறது' என்பவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தேடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. புத்த நூல்களுக்கு சுத்தா சென்ட்ரல். யூத நூல்களுக்கு செஃபாரியா. அங்கே ஒரு வசனத்தைத் தொட்டால் நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்ட உரைகள் வரிசையாக விரியும், எனக்கு நேரம் போவதே தெரியாது. குர்ஆன்.காம், பைபிள் கேட்வே இரண்டிலும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. 1999 முதல் இயங்கும் சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் தளத்தில் பல மதங்களின் நூல்கள் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகள், ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். தமிழிலேயே படிக்க மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் மின்தொகுப்பு அது. தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் இருக்கும் அதே இடத்தில் சீறாப்புராணமும் தேம்பாவணியும் இருக்கின்றன.

எந்தத் தளமானாலும் 'எங்களைப் பற்றி' பக்கத்தை முதலில் பாருங்கள். யார் நடத்துகிறார்கள், எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பது தெரிய வேண்டும். ஒரு பிரிவினர் நடத்துவது தப்பே இல்லை, மறைப்பதுதான் தப்பு. படிக்கும் முன்பே பிறந்த தேதியும் வாட்ஸ்அப் எண்ணும் கேட்டால் மூடிவிடுங்கள்.

இத்தனை பெயர் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். ஒரு சின்ன நூல், அதற்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் போதும். அருகருகே வைத்துப் படியுங்கள். 'துக்கம்' என்ற பாலிச் சொல்லை ஒருவர் துன்பம் என்பார், இன்னொருவர் நிறைவின்மை என்பார். அப்படி இருவரும் முட்டிக்கொள்ளும் இடத்தைக் குறித்து வையுங்கள். அந்த மதத்தைப் பின்பற்றுகிற ஒருவரைப் பார்க்கும்போது கேட்பதற்கு அது நல்ல கேள்வி.